கேள்வி–பதில்: கணக்குப் பார்க்கும் உளவாளி

கேள்வி: உளவு நாவல்களில் ஜேம்ஸ் பாண்டுக்கு நிகரான நாயகன் இல்லை என்பது என் அண்ணனின் கட்சி. எனக்கு ஜான் லெ காரே படைத்த ஸ்மைலியைப் பிடிக்கிறது. ஆனால் நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் உறக்கம் வந்துவிடுகிறது. இருவரில் யார் உயர்ந்தவர்?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உறக்கத்தை ஒளிக்காமல் எழுதியதற்காகவே தங்களுக்கு நீண்ட பதில் தரலாம். பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் கடற்படையின் உளவுப் பிரிவில் இருந்தவர். லெ காரே பிரிட்டனின் உளவு அமைப்புகளான எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் வேலை பார்த்தவர். தொழில் இருவருக்கும் தெரியும். ஃபிளெமிங்கின் கண் பொருள்களின் மேல் படிந்தது: எந்த மது, எந்தக் கார், எந்தத் துப்பாக்கி என்று அவர் அடுக்க அடுக்க, வாசகனுக்குத் தானும் அந்தச் சூதாட்ட மேசையில் அமர்ந்திருப்பதாக ஒரு மயக்கம் வந்துவிடும். லெ காரேயோ மனிதர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றும் விதத்தையே திரும்பத் திரும்ப எழுதினார்.

அவருடைய ஸ்மைலி குட்டையானவர், பருத்தவர், கழுத்துப்பட்டையின் அகன்ற நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர். 1974இல் வெளிவந்த நாவலில், லண்டனின் சாதாரண விடுதி அறை ஒன்றில் இரவிரவாகப் பழைய கோப்புகளைப் படித்து, தம் அலுவலகத்தின் மேல்மட்டத்திலேயே அமர்ந்திருக்கும் சோவியத் ஒற்றனை நெருங்குகிறார். ரங்கூன் கடையிலிருந்து வந்த பேரேட்டை வீட்டு முகப்பில் விரித்து வைத்துக்கொண்டு, ஐந்தொகை எங்கே இடிக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழைய கணக்கப்பிள்ளையை நம் ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அவர்தாம் ஸ்மைலி. தங்கள் உறக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. லெ காரே உளவாளிகளின் குழூஉக்குறிகளை விளக்காமலே பேசவிடுவார். புதிதாகக் கடையில் சேர்ந்த பெட்டியடிப் பையனைப் போல நாம் காதால் கேட்டே கற்றாக வேண்டும். நூறு பக்கம் பொறுத்துப் பாருங்கள்.

என் ஓட்டு ஸ்மைலிக்கே. ஆனாலும் தங்கள் அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1953இல் வந்த முதல் நாவலில், சித்திரவதைக்குப் பின் மருத்துவமனையில் கிடக்கும் பாண்ட், நல்லவன் யார், கெட்டவன் யார் என்று குழம்பி, வேலையையே விட்டுவிட நினைக்கிறான். திரைப்படப் பாண்டை மட்டும் அறிந்தவர்களுக்கு இவன் அந்நியன்.

கேள்வி: முடிவு முன்பே தெரிந்த கதையில் விறுவிறுப்பு எப்படி வரும்?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட ‘ஜாக்கல்’ நாவலைப் படியுங்கள். பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை அது. டி கால் கொல்லப்படவில்லை, 1970இல் இயற்கையாகவே இறந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே, கொலை நடக்குமா என்பதை விட்டுவிட்டு, அதற்கான ஏற்பாடுகள் எப்படி நடக்கின்றன என்பதில் ஃபோர்சைத் நம்மைக் கட்டிப்போடுகிறார். சிறுவயதில் இறந்துபோன ஒருவனின் கல்லறையைத் தேடிப்பிடித்து, அவன் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கடவுச்சீட்டுப் பெறும் பகுதியை அவர் செய்தியாளரின் உலர்ந்த நடையில் சொல்கிறார். அவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் இருந்தவர். கொலையாளிக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது, இருந்தும் அவன் பிடிபடக் கூடாதே என்று நம் மனம் அடித்துக்கொள்கிறது!

கேள்வி: லீ சைல்டின் நாவல் நாயகன் ஜாக் ரீச்சர் எப்படி?
— அதே வாசகி

பதில்: பல்துலக்கி ஒன்றே அவன் பயண மூட்டை. வாக்கியங்களும் அப்படியே, சுமையற்றவை. அரை நொடியில் முடியும் அடிதடிக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் துணிச்சல் சைல்டுக்கு உண்டு. அந்த நாவல்கள் ரயில் பயணத்துக்கு ஏற்றவை. இரண்டாம் முறை நான் எடுத்ததில்லை.

கேள்வி: நம் தமிழில் இத்தகைய நாயகன் இல்லையா?
— ஒரு மாணவர், தேவகோட்டை

பதில்: தங்கள் ஊரில் பிறந்த தமிழ்வாணனை மறந்துவிட்டுக் கேட்கிறீர்களே! அவருடைய துப்பறியும் சங்கர்லால் வெளிநாடுகளெல்லாம் சுற்றியவர். பாண்டுக்கு மது என்றால் இவருக்குத் தேநீர். ஐயமோ சோர்வோ அவரை அண்டாது, அதனால் ஸ்மைலியின் ஆழத்தை அங்கே தேட முடியாது. ஆனால் பிறமொழிக் கலப்பைக் குறைத்த அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்களை எழுத்துக்கூட்டியே, எங்கள் வீட்டுப் பட்டாலையின் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் கதை படிக்கக் கற்றேன்.