சாரண அணித் தலைவரின் பொறுப்பு என்ன?

கேள்வி: பள்ளிச் சாரணர் படையில் என் மகனை அணித் தலைவராக நியமித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது வெறும் பட்டம்தானா, உண்மையான பொறுப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மையான பொறுப்புதான். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரண இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, சுமார் இருபது சிறுவர்களை ஓநாய், காளை, காக்கை, உள்ளான் என்னும் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு மூத்த சிறுவனிடமே ஒப்படைத்தார். அந்த அமைப்பே இன்றும் சாரணியத்தின் அடித்தளமாக விளங்குகிறது.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியில் புதியவருக்கு முடிச்சுகளும் முதலுதவியும் கற்றுத் தருவது, முகாமில் சமையலையும் துப்புரவையும் முறைவைத்துப் பகிர்வது, துணைத் தலைவரைப் பழக்குவது ஆகியவை அவனுடைய வேலைகள். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, அணித் தலைவர்கள் கூடிப் படையின் நிகழ்ச்சிகளையும் ஒழுங்கையும் பற்றி முடிவெடுக்கும் மன்றம். தன் அணியின் கருத்தை, தனக்கு உடன்பாடில்லாதபோதும், அங்கே நேர்மையாக எடுத்துரைக்க வேண்டியவன் அவனே. சாரண ஆசிரியர் பாதுகாப்பைக் கவனித்து வழிகாட்டுவார்; ஆனால் எல்லா முடிவுகளையும் அவரே எடுத்துவிட்டால் அந்தப் பதவி பெயரளவில்தான் நிற்கும். ஆகவே, அம்மன்றம் முறையாகக் கூடுகிறதா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். வீட்டில் அவனுக்காக நீங்கள் முகாமுக்கு வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்காதீர்கள்.