நரம்புக்குள் கால்சியத்துக்கு என்ன வேலை?

கேள்வி: என் மகன் தஞ்சாவூரில் உயிர்வேதியியல் படிக்கிறான். நரம்பு செல்லில் பொட்டாசியம் சேனலைக் கால்சியம் திறக்கும் என்று லீவுக்கு வந்தபோது சொன்னான். கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும்தானே? நரம்பில் அதற்கு என்ன வேலை?
— ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அம்மா, உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். மீதி ஒரு சதவீதம் பார்க்கும் வேலைகளில் ஒன்றைத்தான் மகன் சொல்லியிருக்கிறான். சேனல் என்றால் செல்லின் சவ்வில் உள்ள வாசல்; பொட்டாசியம் சேனல் வழியே பொட்டாசியம் போகும். ஆனால் கால்சியம் தானே போய் அந்தச் சேனலைத் திறப்பதில்லை. நடுவில் கால்மாடுலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கும்பகோணத்தில் விலங்கியல் பாடம் நடத்திய காலத்திலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த புரதம் அது.

நரம்பு செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. உள்ளே வருவதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது செல். நரம்பில் ஒரு மின் துடிப்பு ஓடும்போது கால்சியம் சேனல்கள் திறந்து கொஞ்சம் நுழைந்துவிடும். உள்ளே அவ்வளவு குறைவாக இருப்பதால், அந்தக் கொஞ்சமே பெரிய மாற்றம்.

அதைப் பிடிப்பது கால்மாடுலின். 148 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு குமிழ், குமிழுக்கு இரண்டு கால்சியம் உட்காரலாம். அந்த இடத்தின் அமைப்பு தெரிய வேண்டுமா? வலது கையை நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் நேராக இருக்கட்டும், கட்டைவிரலை விரியுங்கள், நடுவிரலை உள்ளே மடக்குங்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் புரதத்தின் இரண்டு சுருள்கள். மடங்கிய விரலின் வளைவில் கால்சியம். இந்த வடிவத்தைக் கிரெட்சிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1973இல் முதலில் கண்டது நம் குளங்களில் விடுகிற சாதா கெண்டையின் தசையில் உள்ள பார்வால்புமின் என்ற புரதத்தில். மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாததும் இதே பார்வால்புமின்தான். குழம்பில் கொதித்தாலும் அது லேசில் அழியாது.

சரி, சேனலுக்கு வருவோம். எஸ்.கே. என்ற பொட்டாசியம் சேனல் மின்னழுத்தத்துக்குத் திறக்காது. அதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியம் வந்த பிறகுதான் கால்மாடுலின் தேடிப்போய் ஒட்டும் என்று யாருக்கும் தோன்றும். கால்சியம் இல்லாதபோதும் அது சேனலின் உள்பக்க வாலைப் பிடித்தபடியேதான் இருக்கிறது என்று 1998இல் தெரியவந்தது. ஒரு சேனலில் நான்கு கால்மாடுலின்கள். 2003இல் நோபல் பரிசு பெற்ற மெக்கின்னனின் ஆய்வகம் 2018இல் இதைப் படமாகவே காட்டிவிட்டது: ஒரு குமிழ் வாலை விடாமல் பிடித்திருக்க, இன்னொரு குமிழ் கால்சியம் ஏறியதும் சேனலின் வேறொரு பகுதியைப் பற்றுகிறது, வாசல் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, அடுத்த துடிப்பு தாமதமாகிறது. துடித்த நரம்பு தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொள்வது இப்படித்தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கேவி 7 என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலிலும் இதே கால்மாடுலின் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கால்சியம் ஏறினால் மின்னோட்டம் குறைகிறது! அதே கால்சியம், அதே புரதம், எஸ்.கே.யில் திறப்பு, இங்கே அடைப்பு. கால்மாடுலின் எந்தச் சேனலை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். “கால்சியம் பொட்டாசியம் சேனலைத் திறக்கும்” என்று ஒரே வரியில் தேர்வில் எழுதினால் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன், மகனிடம் சொல்லுங்கள்.

சில குடும்பங்களில் பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்கு வலிப்பு வரும்; பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும். கேவி 7 மரபணுவில் உள்ள பிழைதான் பெரும்பாலும் காரணம். சிலருக்கு அந்தப் பிழை, கால்மாடுலின் பிடிக்கிற இடத்திலேயே இருக்கிறது.

அப்புறம், கால்மாடுலினுக்கு உறவுக்காரப் புரதங்களும் உண்டு. கே-சிப் என்பவை கேவி 4 சேனலின் முன்முனையைப் பிடித்து, செல்லின் மேற்பரப்புக்கு அதிகமாகக் கொண்டு சேர்க்கின்றன. அந்தக் கதையை மகனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வைக்கோல் போரைப் பிரிக்கும்போது செந்தேள் ஒன்று வந்தது. அதன் விஷம் நரம்பு ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது என்கிறான் பேரன். மெய்யா?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மெய்தான் ஐயா. செந்தேள் விஷத்திலிருந்து பிரித்த ஐபீரியோடாக்சின், பி.கே. என்ற பொட்டாசியம் சேனலை அடைக்கும். அதுவும் கால்சியத்துக்குத் திறப்பதுதான், ஆனால் கால்சியம் பிடிக்கும் இடம் அதன் உடம்பிலேயே இருப்பதால் கால்மாடுலின் தேவையில்லை. அதே தேளின் டாமாபின், எஸ்.கே. வகையில் ஒன்றை அடைக்கும். எந்த மின்னோட்டம் எந்தச் சேனலுடையது என்று பிரித்துப் பார்க்க ஆய்வகங்களில் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

கொட்டினால் ஆளைச் சாய்ப்பவை முக்கியமாக வேறு நச்சுகள், சோடியம் சேனலைத் தாக்குபவை. உடம்பு வியர்த்து, கை கால் சில்லிட்டு, இதயம் பாதிக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். பிரசோசின் என்ற மாத்திரையால் இதில் உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர் மகாராஷ்டிரத்தின் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். மந்திரிக்கிறேன் என்று நேரத்தைப் போக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரை போட்டால் நரம்புத் தளர்ச்சி சரியாகுமா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அதற்காகப் போடாதீர்கள். 100 மில்லி இரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியம் என்ற அளவைப் பாராதைராய்டு சுரப்பி கட்டிக் காக்கிறது. கூடுதலாக ஒரு மாத்திரை போட்டதால் நரம்புக்குள் கூடுதலாக நுழைந்துவிடாது. வாயைச் சுற்றி மரத்து, விரல்கள் இழுத்துப் பிடித்தால் இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். பரிசோதனை செய்துவிட்டு, மருத்துவர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.