நாலு இருபது பதினேழு

கேள்வி: காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். மரச்சாமான் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் 97-ஐ அவர் மொழியில் 'நாலு இருபது பதினேழு' என்றுதான் சொல்வார் என்கிறார் வழிகாட்டித் தம்பி. கதை விடுகிறாரா?
- வாசகர், காரைக்குடி

பதில்: நிஜம்தான். பிரெஞ்சில் 70 என்றால் அறுபது பத்து, 80 என்றால் நாலு இருபது. இருபது இருபதாக எண்ணிய பழைய வழக்கத்தின் மிச்சம் இது. பாரிஸில் 13-ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற 300 பேருக்காகத் தொடங்கிய விடுதி இன்று கண் மருத்துவமனை, ஆனால் பெயர் இன்னும் 'பதினைந்து இருபது'தான். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் 70-க்கும் 90-க்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு தப்பித்துவிட்டார்கள். டேனிஷ் இன்னும் மோசம். 50-க்கு அவர்கள் சொல்லும் 'ஹால்வ்ட்ரெஸ்' என்பதை விரித்தால் இரண்டரை இருபது, அதையும் 'மூன்றாவதில் பாதி' (அதாவது இரண்டு முழுசு, மூன்றாவது அரை) என்று சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார்கள். ரொம்பச் சிரிக்காதீர்கள், 90-ஐ நூறோடும் 900-ஐ ஆயிரத்தோடும் ஒட்டித் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறோமே, நாம் மட்டும் என்ன ஒழுங்கு? அப்புறம், ஜெர்மன்காரர் வந்தால் 21-ஐ 'ஒன்றும் இருபதும்' என்பார், விலையைத் தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.