வெண்புள்ளி (விட்டிலிகோ) சிகிச்சையில் விரல் நுனியில் மட்டும் நிறம் திரும்பவில்லையா?

கிரீமை நிறுத்தாதீர்கள். ரக்ஸோலிடினிப் 1.5% கிரீமை மூன்று மாதம் பூசி முகம் தேறியும் விரல் நுனி அப்படியே இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

புதிய நிறமிச் செல்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்துதான் வருகின்றன. முகத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றி ஒன்றுசேர்வது அதனால்தான். விரல் நுனியில் மயிர்க்காலே கிடையாது. திட்டின் ஓரத்திலிருந்துதான் நிறம் மெல்ல உள்ளே நகர வேண்டும். பலருக்கு அது முழுதாக நிரம்புவதில்லை, இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மற்ற திட்டுகளில் உள்ள முடியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நம்பிக்கை அதிகம். வெளுத்திருந்தால் அங்கேயும் கடினம்.

குறைந்தது 24 வாரம் பார்க்கலாம். நேரோபேண்ட் யுவிபி (ஒருவகைப் புற ஊதாக் கதிர்) ஒளிச்சிகிச்சையும் சேர்க்கலாமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அவசரத்தில் கூடுதலாகப் பூச வேண்டாம்: தினம் இருமுறை, உடல்பரப்பில் 10 சதவீதத்துக்குள். மீறினால் மருந்து ரத்தத்தில் அதிகம் சேரும்.