கிளைவியா கேசரி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ்ப் பெண்கள் குழுவில், கிழங்கிலிருந்து முளைக்கும் பூக்களில் சாயம் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. வேதியியல் வாத்தியாரம்மா நான்தான் என்பதால் எல்லாக் கேள்வியும் என் தலையில் விழுந்தது.

கேள்வி: அக்கா, வாசலில் கிளைவியா ஆரஞ்சாகக் குலுங்குகிறது. தீபாவளிக் கேசரிக்கு இதழை அரைத்து விடலாமா? கடைக் கலரைவிட நல்லதுதானே?

வேண்டாம் தங்கச்சி. நிறத்தின் மேல் பழி இல்லை. ஆரஞ்சும் மஞ்சளும் தருகிற கரோட்டினாய்டு கேரட்டிலும் இருக்கிறது. சிவப்பு, ஊதா தருகிற ஆந்தோசயனின் கறுப்புத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. கடைப் பொட்டலங்களில் 'இ163' என்று போட்டிருப்பது அதுதான். ஆனால் அம்மியில் அரைத்தால் நிறம் மட்டுமா இறங்கும்? கிளைவியாவில் லைக்கோரின் என்ற நச்சும் உண்டு, வாந்தியும் பேதியும் வரும். டாஃபடில் பூச்செடியும் அதே குடும்பம். இந்நாட்டுப் பழங்குடியான சான் வேடர்கள் அம்பு நுனியில் தடவ விஷம் எடுத்த பூஃபேன் கிழங்கும் அதே குடும்பம்தான். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதன் பெயரே 'விஷக் கிழங்கு'.

கேள்வி: நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடாதா?

போகாது. நம் செங்காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள், டர்பனைச் சுற்றியுள்ள நட்டால் பகுதியிலும் தானாக வளர்கிறது. அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சு கொதியில் அழியாது. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் வயிற்றைப் பிடிக்கும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: குங்குமப்பூவும் கிழங்குச் செடிதானே?

ஆமாம், நாம் தின்பது அதன் சூல்தண்டின் சிவப்பு நுனியை மட்டும். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ வேண்டும். குங்குமப்பூச் செடி குரோக்கஸ் இனம். ஆனால் 'இலையுதிர் குரோக்கஸ்' என்று நர்சரியில் விற்பது வேறு செடியாக இருக்கலாம். அதிலும் கோல்ச்சிசின் உண்டு. பூவுக்குள் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள்: குங்குமப்பூவில் 3, அதில் 6.

கேள்வி: துணிக்குச் சாயம் போடலாமா, அம்மா?

போடலாம். கையுறை வேண்டும், டாஃபடில் சாறு பட்டால் அரிக்கும். சாயப் பானையில் அப்புறம் சாம்பார் வைக்காதீர்கள். நான் ஒருமுறை ஊதா கிளாடியோலஸ் இதழைக் கொதிக்க வைத்து, படிகாரம் போட்டு ஒரு பருத்தித் துண்டை நனைத்தேன். அழகான ஊதா. முதல் சலவையிலேயே சோப்பின் காரம் பட்டுப் பாசிப் பச்சையாகிவிட்டது.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது.

அப்படியானால் லில்லியே வேண்டாம். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். ஜாடித் தண்ணீரும் ஆபத்துதான்.

கேள்வி: சரி, கேசரிக்கு என்னதான் வழி?

கேரட்டை மெல்லியதாகத் துருவி நெய்யில் வதக்குங்கள். கரோட்டினாய்டு நெய்யில்தான் கரையும். ஐந்து நிமிடத்தில் நெய்யே ஆரஞ்சாகிவிடும். அந்த நெய்யை வடித்து அதிலேயே ரவையை வறுங்கள்.