ஸ்டாண்டில் சொல்லும் சட்டம்

கேள்வி: ஐயா, மஸ்கெலியாவில் ஆட்டோ ஓடுகிறேன். போன கிழமை ஹட்டன் பஸ்ஸில் பர்ஸ் தொலைந்துவிட்டது. லைசன்ஸ், ஐ.டி. இரண்டும் அதில்தான். பொலிசில் என்ட்ரி போட்டு, அந்தத் துண்டைக் காட்டி ஓடலாம் என்கிறார்கள் ஸ்டாண்டில். பொலிஸ் பிடித்து வைத்த லைசன்ஸையே தொலைந்ததாக எழுதி ஒருவர் புதுசு எடுத்தாராம். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: தம்பி, ஸ்டாண்டில் ஆளுக்கொரு சட்டம் வைத்திருப்பார்கள். லேர்னர்ஸ் (டிரைவிங் ஸ்கூல்) நடத்திய காலத்தில் அத்தனையும் கேட்டிருக்கிறேன். என்ட்ரி போடத்தான் வேண்டும். ஆனால் அது முறைப்பாட்டின் பிரதி, லைசன்ஸ் அல்ல. புதுசு கைக்கு வரும்வரை ஆட்டோவை லைசன்ஸ் உள்ள வேறு ஆளிடம் கொடுங்கள்.

என்ட்ரியில் லைசன்ஸும் ஐ.டி.யும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “பர்ஸ் காணவில்லை” என்று மட்டும் இருந்தால் பிறகு அலைச்சல். தமிழிலேயே முறைப்பாடு சொல்லலாம், அது உங்கள் உரிமை. லைசன்ஸ் நம்பர் போனில் எடுத்த பழைய படம் எதிலாவது இருக்கும், தேடுங்கள்.

அடுத்தது ஐ.டி. அது இல்லாமல் லைசன்ஸ் வேலை நகராது. கிராம சேவகரிடம் போய், அங்கிருந்து பிரதேச செயலகம். இங்கேதான் நம் தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கல். பிறப்புப் பத்திரத்தில் கிளாக்கர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஐ.டி.யில் அப்பா பெயர் முன்னால், லைசன்ஸில் பின்னால். தொலையும்வரை யாரும் கவனிப்பதில்லை. புது ஐ.டி. எடுக்கும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். லைசன்ஸ் வேலைக்குப் பெரிய அலுவலகம் வெரஹெரவில்; கொழும்பிலிருந்து 120 பஸ் அந்த வழியாகப் போகும். கிளம்புமுன் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அடித்து, டூப்ளிகேட்டுக்கு என்னென்ன வேண்டும், நாள் பதிய வேண்டுமா, நுவரெலியாவிலேயே முடியுமா என்று கேளுங்கள். தமிழில் பேசுவார்கள். “நான் முடித்துத் தாரேன்” என்று வாசலில் நிற்பவரிடம் என்ட்ரிப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த இன்னொருவர் கதை வேண்டவே வேண்டாம். பொலிஸ் கையில் இருப்பதைத் தொலைந்தது என்று எழுதுவது பொய் முறைப்பாடு; அகப்பட்டால் ஃபைனோடு முடியாது. இத்தனைக்கும் லைசன்ஸைப் பிடிக்கும்போது பொலிஸ் தரும் ஃபைன் துண்டே 14 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸ். தபால் கந்தோரில் காசு கட்டி, ரசீதைக் காட்டினால் லைசன்ஸ் திரும்பி வரும். இதற்கா பொய்?

கடைசியாக, தொலைந்த லைசன்ஸ் முடியும் திகதி ஞாபகம் இருக்கிறதா? ஆட்டோ, கார் போன்ற இலகு வாகனங்களுக்கு 8 வருடம், பஸ் லொறிக்கு 4. முடியும் தறுவாயில் இருந்தால் டூப்ளிகேட்டுக்குச் செலவழிக்காமல் புதுப்பிக்கவே முடியுமா என்று அதே 1919இல் கேளுங்கள். புதுப்பிக்க மெடிக்கல் வேண்டும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.