பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்கலாமா?

மல்லாவியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ஐந்து கிழமை. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கேட்கிறான். பின்னேரமானால் மார்பை விடுவதே இல்லை. பால் காணாதபடியால்தான் அழுகிறான், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பழக்கு, இரவில் பால்மா கரைத்துக் கொடு, இந்த வெக்கைக்குத் தண்ணீரும் பருக்கு என்கிறார் மாமி. நான் என்ன செய்ய?"

அவன் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள் அம்மா, இரவிலும் கொடுங்கள். பால்மாவும் தண்ணீரும் இப்போது வேண்டாம்.

வன்னியில் தோட்டம் செய்பவர்களுக்குக் கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இறைக்க இறைக்கத்தான் ஊறும். தாய்ப்பாலும் அப்படியே. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு மந்தமாகிறது. பிள்ளை குடித்து வெறுமையாக்கினால் சுரப்பு விரைவாகிறது. ஆகவே, இன்றிரவு ஒரு தடவை பால்மா கொடுத்தால், அந்த ஒரு தடவைக்குரிய பால் இனித் தேவையில்லை என்றே உடல் எடுத்துக்கொள்ளும். நாளைக்குப் பால் சற்றுக் குறையும், பிள்ளை மேலும் அழும், பால்மா மேலும் கூடும். பால் காணாது என்ற பயம் பல வீடுகளில் உண்மையாகிவிடுவது இவ்வாறுதான். அதிலும் பால் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்ற ஓமோன் இரவு நேரத்தில் கூடுதலாகச் சுரப்பதால், இரவுப் பாலை நிறுத்துவதுதான் பெரிய இழப்பு.

மூன்று மணித்தியாலக் கணக்கு எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நேரத்தில் மார்பில் தேங்கக்கூடிய பாலின் அளவு பெண்ணுக்குப் பெண் வேறுபடும். குறைவாகத் தேங்குபவரின் பிள்ளை அடிக்கடி குடித்தே தன் நாளாந்தத் தேவையை நிறைவு செய்துகொள்ளும். அதனால் அந்தத் தாயின் பால் குறைவு என்று ஆகாது. தாய்ப்பால் விரைவாகச் செரிப்பதாலும் சின்னப் பிள்ளைக்குச் சீக்கிரம் பசிக்கும். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழமை. ஆறாவது கிழமையை ஒட்டிப் பல பிள்ளைகள் திடீரென்று அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். உங்கள் மகனும் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறான். சில நாள்கள் அவன் போக்கில் விட்டால் சுரப்பு அவனுடைய தேவைக்கு ஏற்ப உயர்ந்துவிடும். பின்னேரத்தில் தொடர்ந்து குடிப்பதும் இந்த வயதுக்குரியதே.

அழுகையை எதிர்பார்த்திருக்காதீர்கள், அது பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே பிள்ளை தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும், வாயைத் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் தூக்கினால் அமைதியாகப் பிடிக்கும். காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். முதலில் விரைவாகச் சப்பும். பால் இறங்கியதும் சப்புதல் ஆழமாகி, இடையிடையே நின்று, விழுங்கும் மெல்லிய சத்தம் கேட்கும். வயிறு நிறைய நிறைய, இறுக்கிப் பொத்தியிருந்த விரல்கள் தாமாக விரியும். ஒரு நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பால் கொடுங்கள். போத்தலின் அளவுக்கோடு சொல்லாததை அது சொல்லும். இப்படித் தன் பசியையும் நிறைவையும் தானே அறிந்து நிறுத்தப் பழகுவது பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மை. பால் கட்டி மார்பு வீங்குவது குறைவது உங்களுக்குக் கிடைக்கும் நன்மை.

வெக்கையைப் பற்றி மாமி கவலைப்படுவது இயல்பே. ஆனால் தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான். பங்குனி, சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு வேறு தண்ணீர் தேவையில்லை. கொடுத்தால் வயிறு அதனால் நிறைந்து பால் குறையும், கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றோட்டமும் வரக்கூடும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். 2009 இடப்பெயர்வில் சுத்தமான தண்ணீருக்கு அலைந்த தலைமுறைக்கு, எந்தத் தண்ணீரும் கலக்க வேண்டியிராத இந்தப் பாலின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

பால் காணுமா என்பதை அழுகையை வைத்து முடிவுசெய்யாமல் ஈரத் துணியையும் நிறையையும் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய நிறத்தில் சிறுநீர் போய், வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மேலேறினால் பால் காணும். சிறுநீர் குறைந்தால், நிறை ஏறாவிட்டால், பிள்ளை சோர்ந்து பால் குடிக்க எழும்பாவிட்டால், காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குறைமாதத்தில் அல்லது நிறை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குக் கேட்கும்வரை காத்திருக்கும் முறை பொருந்தாது; அவர்களை எழுப்பியே பால் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது காம்பு வெடித்து நோவெடுத்தால் பிள்ளை பிடிக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பக்கத்தில் இருந்து திருத்தித் தருவார்.

ஆறு மாதம் நிறைந்ததும் வேறு உணவு தொடங்கினாலும், இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். வயிற்றோட்டத்திலும் காய்ச்சலிலும் சோற்றைத் தள்ளிவிடும் பிள்ளை பெரும்பாலும் தாய்ப்பாலைத் தள்ளாது.

சரக்குக் கறியும் முருங்கையிலையும் சமைத்துத் தந்து, நீங்கள் நித்திரை கொள்ளப் பகலில் பிள்ளையை வைத்திருக்க மாமியைப் போல் வேறு யார் கிடைப்பார்? அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; மகனின் நிறைக்கோட்டை உத்தியோகத்தர் அவருக்கே காட்டட்டும்.